210 யூரோவுக்கு எடுத்த கார்: சிசிலியில் ஏழு நாள்

இணையத்தளத்தில் நான் பதிவு செய்தபோது ஏழு நாள் வாடகை 210 யூரோ. திருகோணமலைக்குத் திரும்பி ஏழாவது மாதத்தில் கடைசிப் பற்றுச்சீட்டைக் கோப்பில் வைத்தபோது, பெற்றோலுக்கும் வாகனத் தரிப்பிடங்களுக்கும் கொடுத்ததைச் சேர்க்காமலே, தொகை 500 யூரோவைத் தாண்டியிருந்தது. இடையில் விபத்து எதுவும் நடக்கவில்லை. என் கையால் அந்தக் காரில் ஒரு கீறலும் விழவில்லை. ஐரோப்பாவில் உள்ள உறவினரைப் பார்க்கப் போகும் எமது ஊரவர்கள், அங்கே கார் எடுத்து ஓடலாமா என்று கேட்கும்போதெல்லாம் வலப்பக்கம் ஓட்டுவதைப் பற்றியே அஞ்சுகிறார்கள். எனக்கோ வீதி இரண்டு நாளில் பழகிவிட்டது; கார் நிறுவனத்தின் கருமபீடத்தில் கையொப்பமிட்ட தாள்தான் திருகோணமலையின் உப்புவெளி வரை பின்தொடர்ந்து வந்தது.

எனது தங்கை திருமணமான நாளிலிருந்து சிசிலியின் தலைநகரான பலெர்மோவில் வாழ்கிறாள். இத்தாலியில் எம்மவர் கணிசமாக வாழும் நகரம் அது. வீட்டு வேலைக்கும் முதியோரைப் பராமரிக்கும் வேலைக்கும் போகும் பலரைப் போலவே மச்சானும் பஸ்ஸிலேயே போய்வருகிறார். நகருக்குள் அது போதும். ஆனால், செஜெஸ்தாவின் பழங்கோயில், மலையுச்சியில் உள்ள ஏரிச்சே, திராப்பனியின் உப்பளங்கள் என்று நாங்கள் பார்க்க நினைத்த இடங்களுக்கு, ஆறு வயதுப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு பஸ் மாறி மாறிப் போவதென்றால் ஒவ்வொன்றுக்கும் ஒரு முழு நாள் போய்விடும். ஆகவே, நான், மனைவி, மகள், தங்கை, மச்சான் என்று ஐந்து பேர் அமரக்கூடிய ஒரு காரைப் பலெர்மோ விமான நிலையத்தில் எடுப்பதென்று தீர்மானித்தோம்.

புறப்படுவதற்கு முன் முடிக்க வேண்டிய வேலை சர்வதேச சாரதி அனுமதிப்பத்திரம். இதற்காகத் திருகோணமலையிலிருந்து இரவுப் பயணமாகக் கொழும்புக்குப் போய், காலிமுகத்திடலுக்கு அருகில் உள்ள ஓட்டோமொபைல் அசோசியேஷன் ஒஃப் சிலோன் அலுவலகத்தில் பெற்றுக்கொண்டேன். 1949ஆம் ஆண்டின் ஜெனீவா வீதிப் போக்குவரத்துச் சாசனத்தின்படி வழங்கப்படும் இந்தச் சிறு புத்தகம் ஓராண்டுக்குச் செல்லுபடியாகும். இது உள்ளூர் அனுமதிப்பத்திரத்தின் மொழிபெயர்ப்பே என்பதால், இதை மட்டும் கொண்டு போய் எமது அட்டையை வீட்டில் வைத்துவிட்டுப் போனால் பயனில்லை. கருமபீடத்தில் இரண்டையும் கேட்டார்கள், இரண்டையும் படியெடுத்தார்கள்.

பதிவு செய்யும்போது கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, கியர். இலங்கையில் விட்ஸ், வேகன் ஆர் போன்ற ஓட்டோ கியர் கார்களில் பழகியவர்கள், அங்கே எல்லாக் கார்களும் அப்படித்தான் இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. இத்தாலியில் மலிவான வகுப்பில் கிடைப்பது பெரும்பாலும் மனுவல் கியர். ஓட்டோ வேண்டுமென்றால் அதைத் தனியாகத் தெரிவு செய்து கூடுதலாகக் கொடுக்க வேண்டும். வலக் கையால் கியர் மாற்றுவதையும் வலப்பக்கம் ஓட்டுவதையும் ஒரே நாளில் கற்க நான் விரும்பவில்லை. அந்தக் கூடுதல் பணத்தைக் குறித்து இன்றுவரை எனக்கு வருத்தமில்லை. இரண்டாவது, கடனட்டை. பணம் கட்டுபவரின் அட்டை என்பது அவர்களுக்குப் போதாது. காரை ஓட்டுபவரின் பெயரிலேயே கடனட்டை இருக்க வேண்டும். மனைவியின் அட்டையில் எல்லை கூடுதலாக இருந்தும் அதை ஏற்க மறுத்துவிட்டார்கள்.

இனிக் கருமபீடத்துக்கு வருகிறேன். விமானம் இறங்கியது காலை பத்து மணிக்கு. வரிசையில் நின்று சாவி கைக்கு வந்தபோது பதினொன்றரை. நிறுவனத்தின் பெயரை நான் எழுதவில்லை, ஏனெனில் திரும்பி வந்த பின் வேறு இரு நிறுவனங்களின் நிபந்தனைகளையும் வாசித்துப் பார்த்தேன், வாசகங்கள் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தன. சட்டப்படி கட்டாயமான மூன்றாந்தரப்புக் காப்புறுதி வாடகையிலேயே அடங்கியிருக்கும். நாம் மற்றவருக்கு உண்டாக்கும் சேதத்தை அது பார்த்துக்கொள்ளும். நாம் எடுத்த காருக்கு ஏற்படும் சேதத்துக்கும் ஒரு காப்பு உண்டு என்று இணையத்தளத்தில் எழுதியிருந்தது உண்மைதான். ஆனால், அந்தக் காப்புக்கு மேல் ஒரு பொறுப்புத் தொகை இருந்தது: எனது ஒப்பந்தத்தில் 1,400 யூரோ. கீறலோ நெளிவோ எதுவாயினும் முதல் 1,400 யூரோ என்னுடையது, அதற்கு மேற்பட்டதே அவர்களுடையது. அந்தத் தொகையை முன்கூட்டியே எனது கடனட்டையில் முடக்கி வைப்பார்கள். எமது நாணயத்தில் அது நாலரை இலட்சம் ரூபாவைத் தாண்டும். எனது அட்டையின் எல்லை அதற்கு இடங்கொடுக்கவில்லை.

அந்த நிலையில்தான் கருமபீடத்தில் இருந்த பெண், மிக மரியாதையாக, இரண்டாவது தாளை நீட்டினார். நாளொன்றுக்கு 24 யூரோ வீதம் முழுக் காப்புறுதி எடுத்தால் பொறுப்புத் தொகை நீங்கும், முடக்கும் பணமும் 200 யூரோவாகக் குறையும் என்றார். ஏழு நாளுக்கு 168 யூரோ. நான்கு மணி நேரத் தூக்கத்துடன், பிள்ளை பசி என்று அழ, பின்னால் இருபது பேர் நிற்க, மறுப்பதற்கு எனக்கு வழியிருக்கவில்லை, கையொப்பமிட்டேன். இந்தப் பொறுப்புத் தொகையை ஈடுசெய்ய வெளியாரிடம் மலிவாகக் காப்புறுதி வாங்கலாம் என்று சொல்பவர்கள் உண்டு. வாங்கலாம்தான், ஆனால் விற்பவர்களில் பலர் வாங்குபவர் எந்த நாட்டில் வசிக்கிறார் என்று பார்ப்பார்கள், மேலும் அந்தக் காப்புறுதி இருந்தாலும் கார் நிறுவனம் 1,400 யூரோவை முடக்கத்தான் செய்யும். ஆகவே இலங்கையிலிருந்து போகிறவர் இணையத்தளத்தில் பார்க்க வேண்டிய முதல் எண் நாள் வாடகையன்று, முடக்கப்படும் தொகை. அது எவ்வளவு என்பதைத் திருகோணமலையிலேயே பார்த்திருந்தால், வாடகை சற்றுக் கூடுதலாகவும் முடக்கும் தொகை குறைவாகவும் உள்ள வேறொரு நிறுவனத்தைத் தெரிவு செய்திருப்பேன். அட்டை இயந்திரம் யூரோவில் எடுக்கவா, உங்கள் நாட்டு நாணயத்தில் எடுக்கவா என்று கேட்டது; யூரோவைத் தெரிவு செய்தேன். அந்தக் காலையில் நான் எடுத்த ஒரே சரியான முடிவு அதுவாக இருக்கலாம்.

காரில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சிறியது, ஓராண்டுக்குட்பட்டது, குளிரூட்டி நன்றாக வேலை செய்தது. கட்டாயமாக இருக்க வேண்டிய எச்சரிக்கை முக்கோணமும் ஒளிரும் மேலங்கியும் பின்பெட்டியில் இருந்தன. மகளுக்கு இருக்கை கேட்டபோது அதற்கும் நாள் வாடகை சொன்னார்கள். இத்தாலியில் 150 சென்ரிமீற்றருக்குக் குறைந்த உயரமுள்ள பிள்ளைகள் அதற்குரிய இருக்கையில்தான் அமர வேண்டும், மடியில் வைத்துக்கொண்டு போவது எமது ஊர் வழக்கம். நல்ல வேளையாகத் தங்கையின் அயலவர் ஒருவர் இரவல் தந்த இருக்கையை மச்சான் விமான நிலையத்துக்கே கொண்டு வந்திருந்தார். சாவியை வாங்கியதும், அவசரப்படாமல், காரைச் சுற்றி நடந்து கைப்பேசியில் நான்கு நிமிடக் காணொளி எடுத்தேன்: நான்கு சக்கர வளையங்கள், முன்பின் பம்பர்கள், கூரை, கண்ணாடிகள், எரிபொருள் முள். அந்த நான்கு நிமிடத்தின் பெறுமதி ஏழாம் நாளில் தெரிந்தது.

வீதியைப் பற்றிச் சொல்கிறேன். முதல் ஒரு மணி நேரத்தில் நான் திரும்பிய திருப்பம் ஒவ்வொன்றிலும் வைப்பர் ஓடியது. எமது ஜப்பானியக் கார்களில் சிக்னல் லைட்டின் நெம்பு சுக்கானுக்கு வலப்பக்கத்தில் இருக்கும். ஐரோப்பியக் கார்களில் அது இடப்பக்கம், வலப்பக்கத்தில் இருப்பது வைப்பர். வெயில் காயும் நண்பகலில் காய்ந்த கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே திரும்பும் எங்களைப் பார்த்து ஒரு ஸ்கூட்டர்காரர் சிரித்துவிட்டுப் போனார். காலுக்குக் கீழே எதுவும் மாறுவதில்லை. பிரேக்கும் அக்ஸிலேட்டரும் அதே இடத்தில்தான். மாறுவது உடம்பின் கணக்கு. முப்பது ஆண்டுகளாக வலப்பக்க இருக்கையிலிருந்து வீதியின் நடுக்கோட்டை அளந்து பழகிய உடம்பு, இடப்பக்க இருக்கையில் அமர்ந்ததும் காரைத் தன்னையறியாமல் வலப்பக்கத்துக்குத் தள்ளுகிறது; நிறுத்தி வைத்திருக்கும் கார்களின் கண்ணாடிகள் பக்கத்தில் இருப்பவரின் முகத்தை உரசுவதுபோல வருகின்றன. மனைவி இரண்டு நாளும் கதவைப் பிடித்தபடியே வந்தாள்.

சுற்றுவட்டங்களில் நாம் கடிகாரம் சுற்றும் திசையில் போய், வலப்பக்கத்திலிருந்து வருபவருக்கு வழிவிட்டுப் பழகியவர்கள். அங்கே சுற்றும் திசை எதிர். நுழைவாயிலில் தலைகீழ் முக்கோணப் பலகை இருந்தால், ஏற்கெனவே வட்டத்துக்குள் இருந்து இடப்பக்கமாக வருபவருக்கு வழிவிட வேண்டும். ஆனால், பலகையோ விளக்கோ இல்லாத சாதாரணச் சந்தியில் வலப்பக்கத்திலிருந்து வருபவருக்கே முன்னுரிமை. ஒரே தெருவில் அடுத்தடுத்து இந்த இரண்டும் வரும்போதுதான் தலை சுற்றும். இருந்தாலும் நெரிசலான வீதியில் ஆபத்துக் குறைவு; முன்னால் போகிறவரைப் பின்பற்றினால் போதும். பழைய பழக்கம் தலைதூக்குவது வெறும் வீதியில்தான். நான்காம் நாள் அதிகாலை எரிபொருள் நிலையத்திலிருந்து வெளியே வந்து, ஒரு வாகனமும் இல்லாத கிராமத்து வீதியில், நிலாவெளி வீதியில் ஓடுவதுபோல நிம்மதியாக இடப்பக்கம் ஓடிக்கொண்டிருந்தேன். பின்னால் இருந்து தங்கை, “அண்ணா, வலப்பக்கம்! வலப்பக்கம்!” என்று கத்தினாள். அதன் பிறகு, வண்டியை எடுக்கும் ஒவ்வொரு தடவையும் அந்தச் சொல்லை உரக்கச் சொல்வது மகளின் பொறுப்பாயிற்று. அவள் அதை ஒரு நாளும் மறக்கவில்லை.

விமான நிலையத்திலிருந்து பலெர்மோவுக்கு ஏ29 நெடுஞ்சாலை வழியாக ஏறத்தாழ 35 கிலோமீற்றர். வழியில் கப்பாச்சி என்ற இடத்தில் வீதியின் இரு மருங்கிலும் செந்நிறத் தூண்கள் நிற்கின்றன. 1992 மே 23 அன்று, மாஃபியாவுக்கு எதிராக வழக்கு நடத்திய நீதிபதி ஜொவான்னி ஃபல்கோனே, அவருடைய மனைவி, மூன்று மெய்க்காவலர்கள் ஆகியோர் வீதிக்கு அடியில் வைத்த குண்டினால் கொல்லப்பட்ட இடம் அது. மச்சான் அதைச் சுட்டிக்காட்டியபோது வண்டிக்குள் சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை. வீதியோரக் குண்டு என்றால் என்ன என்பதை எமது பக்கத்தவருக்கு விளக்கத் தேவையில்லை.

நெடுஞ்சாலையில் உச்ச வேகம் மணிக்கு 130 கிலோமீற்றர், மழை பெய்தால் 110. எமது அதிவேக வீதிகளின் 100 கிலோமீற்றர் எல்லைக்குப் பழகியவர் வலப்பக்க ஒழுங்கையில் அமைதியாக ஓடலாம். இடப்பக்க ஒழுங்கை முந்துவதற்கு மட்டும். நகருக்கு வெளியே சாதாரண வீதிகளில் 90, ஊர்களுக்குள் 50. நகர எல்லையைத் தாண்டினால் பகலிலும் முன்விளக்கு எரிய வேண்டும். ஹபரணைக் காட்டில் யானைக்குப் பயந்து ஓட்டியவனுக்கு இவற்றில் எதுவும் கடினமாகப் படவில்லை. ஏ29இலும் கத்தானியாவுக்குப் போகும் ஏ19இலும் கட்டணம் இல்லை. செஃபலூவைத் தாண்டி மெசினா வரை போகும் ஏ20இல் சீட்டு எடுத்து, இறங்கும் இடத்தில் கட்ட வேண்டும். அங்கே மஞ்சள் பலகை உள்ள வாயில் மாதச் சந்தாக் கருவி வைத்திருப்பவர்களுக்கு. வெள்ளைப் பலகையில் நாணயப் படம் போட்ட வாயிலுக்கே நாம் போக வேண்டும்.

எரிபொருள் நிலையங்களில் நாமே நிரப்பினால் ஒரு விலை, பணியாளர் நிரப்பினால் அதைவிடக் கூடுதல் விலை. பெற்றோலுக்கு ‘பென்சீனா’ என்றும் டீசலுக்கு ‘கசோலியோ’ என்றும் எழுதியிருக்கும். பின்னதைப் பார்த்து பெற்றோல் என்று மயங்குபவர்கள் உண்டு. தவறான எரிபொருளை ஊற்றினால் முழுக் காப்புறுதியும் உதவாது என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆளில்லாமல் இயந்திரம் மட்டும் நிற்கும். ஐம்பது யூரோத் தாளைக் கொடுத்து முப்பதுக்கு நிரப்பினால் மிச்சத்துக்குக் காசு வராது, ஒரு துண்டுச்சீட்டு வரும். 2022இல் க்யூ.ஆர். குறியீட்டுடன் இரவிரவாக வரிசையில் நின்ற எங்களுக்கு, ஆளே இல்லாத நிலையத்தில் வேண்டியளவு நிரப்பிக்கொண்டு போவதே ஒரு விருந்து.

கார் தன் வாடகைக்கு உழைத்தது இந்த ஊர்வழிகளில்தான். செஜெஸ்தாவில் கூரையற்று நிற்கும் கிரேக்கக் கோயிலின் 36 தூண்களையும் பஸ் நேரம் பார்க்காமல் சுற்றி வந்தோம். ஏறத்தாழ 750 மீற்றர் உயரத்தில் உள்ள ஏரிச்சேயிலிருந்து இறங்கும்போது, ஓட்டோ கியராயினும் கீழ்க் கியருக்கு மாற்றி இறங்கும் முறையை வண்டி எடுக்கும்போதே கேட்டு வைத்தது உதவியது. பிரேக்கை மட்டும் நம்பி இறங்கிய ஒரு வண்டியின் சூட்டு வாசனை எங்களுக்கு முன்னால் நெடுந்தூரம் வந்தது. திராப்பனிக்கும் மார்சலாவுக்கும் இடையே உப்பளங்களை ஒட்டிப் போகும் வீதியில், காற்றாலைகளுக்கு அருகே ஓடு போர்த்திய உப்புக் குவியல்களைப் பார்த்து, உப்புவெளி என்று பெயர் வைத்தவர்கள் இதைப் பார்த்திருக்க வேண்டும் என்றாள் மனைவி. எம்மவர், சைவரும் கத்தோலிக்கரும் ஒன்றாக, நடந்தே ஏறும் மொந்தே பெல்லெக்ரீனோவில் உள்ள புனித ரொசாலியாவின் குகைக் கோயிலுக்கும் போனோம். கொள்ளைநோய்க் காலமான 1624இல் அந்தப் புனிதையின் எலும்புகள் கிடைத்த மலை அது. எமது கோணேசர் கோயிலைப் போர்த்துக்கேயர் இடித்துக் கோட்டை கட்டியதும் ஏறத்தாழ அதே ஆண்டுகளில்தான். கோட்டை வாயிலுக்குள் மான்களுக்காக மெதுவாக ஓட்டுவதுபோல, அந்த மலைவீதியில் நடந்து ஏறுபவர்களுக்காக மெதுவாக ஓட்டினேன்.

பிழை நகருக்குள் நடந்தது. வியாழக்கிழமை பிற்பகல், பல்லாரோ சந்தைப் பக்கத்தில் உள்ள எம்மவர் கடையில் கறிவேப்பிலையும் தேங்காய்ப்பூவும் வாங்க, கைப்பேசி காட்டிய வழியில் பழைய நகருக்குள் நுழைந்தேன். இத்தாலிய நகரங்களின் பழைய பகுதிகள் பலவற்றில் அனுமதியற்ற வாகனங்கள் குறித்த நேரங்களில் நுழையக் கூடாது. சிவப்பு வளையமிட்ட வெள்ளைப் பலகையும் அதற்கு மேல் ஒரு கமராவும் இருக்கும், தடுப்பு எதுவும் இருக்காது. சில இடங்களில் மின்பலகையில் ‘வார்கோ அத்தீவோ’ என்று எழுத்து ஓடும். வாயில் இயங்குகிறது என்று பொருள். இயங்குகிறதென்றால் திறந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்வது இயல்பு. உண்மையில் கமரா இயங்குகிறது, உள்ளே வராதே என்பதே அதன் கருத்து. பலெர்மோவில் சில யூரோ கொடுத்து ஒரு நாள் அனுமதி வாங்கும் ஏற்பாடும் உண்டு என்பதை மறுநாள்தான் மச்சானின் நண்பர் சொன்னார். கறிவேப்பிலை ஒன்றரை யூரோ.

ஏழாம் நாள் காரைத் திருப்பிக் கொடுக்கும்போது, விமான நிலையத்துக்கு அருகிலேயே தாங்கியை நிரப்பி அந்தப் பற்றுச்சீட்டைக் கையில் வைத்திருந்தேன். பொறுப்பேற்ற இளைஞர் பின்பக்க வலச் சக்கர வளையத்தில் ஒரு தேய்வைக் காட்டி, சக்கரம் முழுக் காப்புறுதியில் அடங்காது என்றார். 168 யூரோ கொடுத்து வாங்கிய ‘முழு’ என்ற சொல்லின் அளவு அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. டயர், சக்கரம், கண்ணாடி, அடித்தளம், சாவி ஆகியவை வெளியே என்று மூன்றாம் பக்கத்தில் இருந்தது. நான் காணொளியைத் திறந்து, நேரமும் திகதியும் தெரிய, அதே தேய்வைக் காட்டினேன். அவர் வாதாடவில்லை, சரி என்று எழுதி, கேட்டபோது கையொப்பமும் இட்டார். முடக்கிய 200 யூரோ மூன்றாவது வாரத்தில் விடுவிக்கப்பட்டது.

இரண்டு மாதத்துக்குப் பின் கடனட்டையில் 50 யூரோ பற்று விழுந்தது. இது தண்டப்பணம் அல்ல. அந்த வியாழக்கிழமை காரை ஓட்டியவர் யார் என்று பொலிஸார் கேட்டதற்கு எனது பெயரையும் விலாசத்தையும் எழுதிக் கொடுத்த வேலைக்கு நிறுவனம் எடுத்த கூலி. ஒப்பந்தத்தில் அதற்கும் நான் கையொப்பமிட்டிருந்தேன். தண்டப்பணம் தனியாக, ஏழாவது மாதத்தில், பதிவுத் தபாலில் வந்தது. வெளிநாட்டில் வசிப்பவருக்கு 360 நாள்களுக்குள் அறிவித்தால் போதும் என்பது அங்குள்ள சட்டம். அறிவித்தல் கிடைத்து ஐந்து நாளுக்குள் கட்டினால் முப்பது சதவீதம் தள்ளுபடி என்றும் எழுதியிருந்தது. தபால்காரர் அதைக் கொண்டு வந்தது வெள்ளிக்கிழமை மாலை. சனி, ஞாயிறு வங்கி பூட்டு, திங்கள் போயா. தங்கையிடம் சொல்லி அங்கிருந்தே கட்டுவித்தேன். செலவுகளோடு சேர்த்து 100 யூரோவுக்குச் சற்றுக் கூடுதலாக முடிந்தது.

காருக்கு நான் முழு மதிப்பெண் கொடுப்பேன், கருமபீடத்துக்குப் பாதிதான். பொய் சொன்னார்கள் என்று நான் குற்றஞ்சாட்டவில்லை, ஏனெனில் எல்லாம் எழுத்தில் இருந்தது. ஆனால் பதிவுத் தளத்தின் முதல் பக்கத்தில் வாடகையைப் பெரிய எழுத்திலும், முடக்கும் தொகையை நான்கு தடவை அழுத்தினால்தான் தெரியும் இடத்திலும் வைக்கும் வியாபாரத்தை நேர்மையான வியாபாரம் என்று சொல்ல மனம் வரவில்லை. அடுத்த முறை ஏழு நாளுக்குப் பதிலாக நான்கு நாளுக்கே எடுப்பேன். பலெர்மோவில் இருந்த மூன்று நாளும் கார் தங்கையின் வீட்டுக்கு முன்னால் நீலக் கோட்டுக்குள் மணிக்கணக்கில் காசு தின்றுகொண்டு நின்றது. அந்த நாள்களுக்கு மச்சானின் பஸ்ஸே போதும். நகரைவிட்டுப் புறப்படும் காலையில் விமான நிலையத்துக்குப் போய் எடுத்து, திரும்பி வரும் மாலையில் அங்கேயே விட்டுவிட்டு, கறிவேப்பிலைக்கு நடந்து போகலாம்.